பிரேக் பேடு யாரிடமிருந்து வந்தது என்று சொல்லுங்கள்: இணைய வணிகத் தளங்களுக்குக் குன்னூரிலிருந்து ஒரு திறந்த மடல்

இணையத்தில் கார் உதிரிபாகங்கள் விற்க இடம் கொடுக்கும் வணிகத் தளங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

குன்னூரில் கார் பட்டறை வைத்திருக்கிறேன். வாடகை வண்டிகள், எஸ்டேட் ஜீப்புகள், மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கேரட்டும் உருளைக்கிழங்கும் ஏற்றிப் போகிற பிக்கப்புகள், பள்ளிப் பிள்ளைகளை ஏற்றுகிற வேன்கள் என்று எல்லாம் வரும். இந்த வண்டிகளுக்கு வேண்டிய ஸ்பேர் இப்போது பெரும்பாலும் உங்கள் தளங்கள் வழியாகத்தான் வந்து சேர்கிறது. வண்டிக்காரர் பெட்டியைக் கையில் கொண்டுவந்து, “ஆன்லைன்ல போட்டேன் அண்ணா, ஒரிஜினல்தானே, பாத்துச் சொல்லுங்க” என்கிறார். பார்க்கிறேன். பார்த்துச் சொல்லக்கூடியதைச் சொல்கிறேன். ஆனால் அந்தக் கேள்விக்கு முழுப் பதில் என் கையில் இல்லை. அது உங்கள் கணினியில் இருக்கிறது. அதைக் கேட்டுத்தான் இந்த மடல்.

முதலில் எங்கள் ரோட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். குன்னூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையம் முந்நூற்றுச் சொச்சம் மீட்டர்தான். காட்டேரி, பர்லியார், கல்லாறு வழியாக இறங்குகிற கார் 35 கிலோமீட்டருக்குள் சுமார் 1,500 மீட்டர் கீழே வந்துவிடுகிறது. ஆட்கள், பெட்டி படுக்கையோடு ஒன்றரை டன் எடையுள்ள வண்டி அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிவருகிற ஆற்றலைக் கணக்குப் போட்டால், 60 லிட்டருக்கு மேல் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். இறங்குகிறவர் சின்ன கியரில் வந்தால் அதில் நல்ல பங்கை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். வளைவுக்கு வளைவு போர்டு வைத்துச் சொன்னாலும் எல்லோரும் அப்படி இறங்குவதில்லை. பிரேக்கை மிதித்தபடியே வருகிற வண்டிக்குச் சக்கரத்தோடு சுழல்கிற டிஸ்க் 300 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடாகும். அந்தச் சூட்டைத் தாங்குவது, டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கிற பேடு: ஓர் இரும்புத் தட்டும், அதில் ஒட்டியிருக்கிற ஒரு சென்டிமீட்டர் கனமுள்ள லைனிங் என்ற உராய்வுப் பட்டையும். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்குகிற கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். வெளியூர் வண்டிகள் அதில் கீழே இறங்கக் கூடாது என்று தடையே இருக்கிறது. அங்கே தினமும் இறங்கி ஏறுகிற உள்ளூர் வண்டிகளுக்கு நாங்கள்தான் பேடு மாற்றுகிறோம்.

சமவெளியில் போலிப் பேடு மாட்டிய கார் ஒரு சிக்னலில் கொஞ்சம் தள்ளிப் போய் நிற்கும். கீச்சென்று சத்தம் போடும். சீக்கிரம் தேயும். பலருக்கு அது போலி என்றே தெரியாமல் அடுத்த சர்வீஸில் கழன்று போய்விடும். எங்களுக்கு அப்படியில்லை. பேடு போலி என்று இங்கே தெரியவருகிற இடமே வளைவுதான்.

நீங்கள் வந்ததால் எங்களுக்குக் கிடைத்த நன்மையைச் சொல்லாமல் விட்டால் அது நியாயமாகாது. முன்பு ஒரு பழைய மாடல் வண்டிக்கு வீல் சிலிண்டர் வேண்டும் என்றால் கோயம்புத்தூருக்கு ஆள் அனுப்ப வேண்டும். போக வர ஒரு நாள் வேலை போய்விடும். மழைக்காலத்தில் மண்சரிந்து ரோடு அடைத்துக்கொண்டால் அதுவும் நடக்காது. கோவையில் இல்லையென்றால் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக் கடைகளுக்குச் சொல்லிவிட்டுப் பார்சலுக்குக் காத்திருக்க வேண்டும். அத்தனை நாளும் வண்டி ஜாக்கியில் நிற்கும், வண்டி வாங்கிய கடனுக்கு மாதத் தவணை மட்டும் நிற்காது. இன்றைக்குச் செல்போனில் தேடிப் போட்டால் இரண்டு மூன்று நாளில் மலைக்கே வந்துவிடுகிறது. அதை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவே மாட்டேன்.

போலியும் உங்களோடு பிறந்ததல்ல. கடைத்தெருவில் எப்போதும் இருந்ததுதான். ஆனால் கடையில் வாங்கினால் திரும்பப் போய்க் கேட்க ஒரு முகம் இருந்தது. பேடு சரியில்லை என்றால் கல்லாவில் இருக்கிறவர் முன்னால் பெட்டியை வைத்து, “இதை யாருகிட்ட எடுத்தீங்க?” என்று கேட்போம். அவர் நாலு பேர் பார்க்கப் பதில் சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் ஊரில் பட்டறைக்காரர் ஒருவரும் அந்தக் கடைப் படி ஏற மாட்டார். உங்கள் தளத்தில் அந்தக் கேள்வியைக் கேட்க இடமே இல்லை.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கார் கம்பெனி பெயர் போட்ட பெட்டி மட்டுமே நல்லது, மற்றதெல்லாம் டூப்ளிகேட் என்று நான் நினைக்கவில்லை. சென்னையில் 1962லிருந்து பிரேக்ஸ் இந்தியா இருக்கிறது, ராணே இருக்கிறது. இப்படிப்பட்ட நிறுவனங்கள் கார் கம்பெனிகளுக்கும் பாகம் செய்து கொடுக்கின்றன, தங்கள் பெயரிலேயே கடைக்கும் விடுகின்றன. கம்பெனிப் பெட்டியைவிட விலை குறையும், தரம் குறையாது. பெயர் தெரியாத சின்ன ஊர்த் தயாரிப்பாகவே இருந்தாலும், தன் பெயரும் விலாசமும் போட்டு விற்றால் அதை நாங்கள் லோக்கல் என்போம், போலி என்று சொல்ல மாட்டோம். வாங்குகிறவர் தெரிந்தே வாங்குகிறார். அடுத்தவர் பெயரைப் போட்டுக்கொண்டு வருவதுதான் போலி. அதை மாட்டுகிறவர், நல்ல பேடு மாட்டியிருக்கிறோம் என்ற நம்பிக்கையில் மலை இறங்குகிறார்.

சரி, பெட்டி வந்ததும் நாங்கள் என்ன பார்க்கிறோம்?

பேடை வெளியே எடுத்ததும் நான் முதலில் பார்ப்பது பின்பக்கத்து இரும்புத் தட்டை. நல்ல கம்பெனித் தட்டில் ஓரம் வெட்டு சுத்தமாக இருக்கும், விரலால் வருடினால் பிசிறு தட்டாது. பேடைத் தாங்கி அழுத்துகிற காலிப்பரில் உட்காருகிற இரண்டு காதுகளும் ஒரே அளவாக இருக்கும். போலியில் பெயின்ட் தடிப்பாக அப்பியிருக்கும், காதைக் கொஞ்சம் ராவினால்தான் காலிப்பருக்குள் போகும். அரத்தை எடுக்க வேண்டி வந்தாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும். அடுத்து, லைனிங்கும் தட்டும் ஒட்டுகிற கோடு. வெளிச்சத்தில் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் இடைவெளியே தெரியக் கூடாது. பிறகு சத்தத்தைக் குறைப்பதற்காகத் தட்டின் பின்னால் இருக்கிற ஷிம் என்ற மெல்லிய தகடு. நல்லதில் அது அழுத்திப் பொருத்தியிருக்கும், போலியில் ஓரத்தில் நகத்தை விட்டால் ஸ்டிக்கர் மாதிரி உரிந்து வரும். ஒரு பெட்டியில் நாலு பேடு இருக்கும். நாலையும் வரிசையாக மேசையில் வைத்துப் பார்ப்பேன். ஓரச் சரிவு, நடுவில் இருக்கிற வெட்டு, லைனிங்கின் நிறம், அச்சடித்த எண் எல்லாம் ஒத்துப்போக வேண்டும். ஒன்றில் எண் நேராகவும் இன்னொன்றில் கோணலாகவும் இருந்தால், பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்து அந்த எழுத்து அழிகிறதா என்று பார்ப்பேன்.

பேடின் ஓரத்தில் சிலவற்றில் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். பிடிமானத்தைக் குறிக்கிற எழுத்துகள் அவை. முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் எவ்வளவு பிடிக்கும் என்பதற்கு, இரண்டாவது நன்றாகச் சூடேறிய பிறகு எவ்வளவு பிடிக்கும் என்பதற்கு. ‘ஈ’ என்றால் உராய்வு எண் 0.25க்கு மேல் 0.35 வரை, ‘எஃப்’ என்றால் 0.35க்கு மேல் 0.45 வரை. மலையில் ஓடுகிறவர்களிடம் இரண்டாவது எழுத்தைப் பார்த்து வாங்குங்கள் என்று நான் சொல்வதுண்டு. ஆனால் எழுத்தை அச்சடிக்க எவராலும் முடியும். சோதனைச் சாலையில் போட்டுப் பார்க்காமல் அந்த எழுத்து உண்மையா என்று என்னால் சொல்ல முடியாது, எந்தப் பட்டறைக்காரராலும் சொல்ல முடியாது.

பெட்டியின் மேலும் பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது. வண்டியின் 17 இலக்கச் சேசிஸ் எண்ணைக் கொடுத்தால் கம்பெனி டீலரின் பாகங்கள் பிரிவில் சரியான பார்ட் நம்பரும் எம்ஆர்பியும் சொல்லிவிடுவார்கள். பெட்டியில் இருப்பது அந்த நம்பரா, கம்பெனி அதைப் பின்னால் மாற்றியிருக்கிறதா என்று பார்ப்போம். பாதி விலைக்கு வருகிறது என்றால் அங்கேயே நிற்க வேண்டும். கம்பெனிப் பாகத்தில் கடைக்காரருக்கே அவ்வளவு லாபம் கிடையாது, அவர் எப்படிப் பாதி விலைக்குக் கொடுப்பார்? தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயர், விலாசம், மாதம், வருடம், விலை, புகார் சொல்ல வேண்டிய எண் எல்லாம் பெட்டியில் இருக்க வேண்டும் என்று பொட்டலப் பொருள்களுக்கான 2011ஆம் ஆண்டு எடையளவு விதிகள் சொல்கின்றன. விலாசமே இல்லாத பெட்டிகளும் உங்கள் டேப் ஒட்டி எங்களுக்கு வருகின்றன.

பில்லையும் பார்ப்போம். ஜிஎஸ்டி எண் 15 இலக்கம், முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைக் காட்டும். 33 என்றால் தமிழ்நாடு, 07 என்றால் டெல்லி. அந்த எண்ணை ஜிஎஸ்டி தளத்தில் போட்டால் யார் பெயரில் இருக்கிறது, இப்போதும் நடப்பில் இருக்கிறதா என்று தெரியும். பிரேக் பேடு போன்ற வண்டிப் பாகத்துக்கான பொருள் குறியீடு 8708 என்று தொடங்கும். பில்லில் செல்போன் உறைக்கு உரிய குறியீடு போட்டு ‘கார் சாமான்’ என்று எழுதியிருந்தால், விற்றவருக்கு இந்தத் தொழிலே தெரியாது என்று அர்த்தம்.

ஹாலோகிராமையும் க்யூஆர் குறியீட்டையும் மக்கள் பெரிதாக நம்புகிறார்கள். ஸ்கேன் செய்தேன், கம்பெனிப் பக்கம் திறந்தது, அதனால் ஒரிஜினல் என்கிறார்கள். ஒரே ஒரு நல்ல பெட்டியின் குறியீட்டைப் படமெடுத்து ஆயிரம் பெட்டியில் அச்சடிக்கலாம். ஒவ்வொரு பெட்டிக்கும் தனி எண் கொடுத்து, இந்த எண்ணை ஏற்கெனவே இத்தனை பேர் பார்த்துவிட்டார்கள் என்று சொல்கிற குறியீடாக இருந்தால்தான் பயன். சில குறியீடுகள் கம்பெனிப் பெயரை ஒரு எழுத்து மாற்றி வைத்திருக்கிற வேறு பக்கத்துக்குக் கொண்டுபோய்விடும். அந்த விலாசத்தை எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்க்கச் சொல்கிறேன்.

மற்ற பாகங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆயில் ஃபில்டரை வெளியே பார்த்து ஒன்றும் தெரியாது. பழையதைக் கழற்றியதும் வெளிக்கூட்டை அறுத்துப் பார்த்தால்தான் காகித மடிப்பு எத்தனை, ஒட்டு விட்டிருக்கிறதா, ஆயில் திரும்பி வடியாமல் தடுக்கிற ரப்பர் வால்வு உள்ளே இருக்கிறதா என்று தெரியும். ஸ்பார்க் பிளக்கில் கழுத்து வாஷரைப் பார்ப்போம், நல்ல பிளக்கில் அது கையால் எளிதில் கழன்று வராது. பேரிங்குக்கு எஸ்கேஎஃப் நிறுவனம் ஒரு செயலியே வைத்திருக்கிறது. படமெடுத்து அனுப்பினால் அவர்கள் ஆட்கள் பார்த்துப் பதில் சொல்கிறார்கள், மற்ற கம்பெனிகளும் அதைச் செய்தால் எங்களுக்குப் பெரிய உதவி. டயரில் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம், அதன் உரிம எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் சரிபார்க்கலாம். பிரேக் ஆயில் பற்றி மட்டும் இரண்டு வரி கூடச் சொல்ல வேண்டும். டப்பாவில் போட்டிருக்கிற தர வகை டாட் 3 என்றால் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது, டாட் 4 என்றால் 230. ஈரம் இழுத்த பிறகும் முறையே 140, 155 டிகிரியாவது தாங்க வேண்டும். எங்கள் ஊர் மூடுபனி ஊர், ஈரத்துக்குப் பஞ்சமில்லை. போலி டப்பாவில் என்ன ஊற்றியிருக்கிறார்கள் என்று நிறத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா? இறக்கத்தில் அது கொதித்து ஆவியானால் பெடல் தரையைத் தொடும்.

இவ்வளவையும் எழுதியது நாங்கள் எவ்வளவு கெட்டிக்காரர்கள் என்று காட்டுவதற்காக அல்ல. இத்தனையும் பார்த்த பிறகும் நாங்கள் பார்த்தது அட்டையையும் பெயின்டையும்தான். நன்றாகச் செய்த போலி இவை எல்லாவற்றிலும் தேறிவிடும். லைனிங்குக்குள் என்ன பிசின், என்ன நார், எந்தச் சூட்டில் வேக வைத்தது என்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. அதைத் தெரிந்துகொள்ள எங்களுக்கு ஒரே வழிதான் உண்டு: இந்தப் பெட்டி தயாரித்தவர் கையிலிருந்து யார் யார் கை மாறி இங்கே வந்தது என்ற கணக்கு. அந்தக் கணக்கு உங்களிடம் இருக்க வேண்டும். இல்லையென்றால் விற்பனையாளரிடம் கேட்டு வாங்கும் பலம் உங்களுக்கு மட்டும்தான் இருக்கிறது.

எங்கள் பட்டறைக்கு வருகிற ஒரு டாக்ஸிக்காரத் தம்பியின் வண்டியில் நடந்ததைச் சொல்கிறேன். இணையத்தில் வாங்கிய முன்பேடு. பெட்டி, ஹாலோகிராம், பார்ட் நம்பர் எல்லாம் சரியாக இருந்தது. சில வாரம் ஊட்டிக்கும் குன்னூருக்கும் ஓடியது, ஒரு குறையும் இல்லை. பிறகு ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையத்துக்கு இறங்கியபோது, பர்லியாருக்கு மேலேயே கருகல் வாடை வந்திருக்கிறது. பெடல் கல் மாதிரி இறுகிவிட்டது, எவ்வளவு மிதித்தும் வண்டி பிடிக்கவில்லை. அந்தத் தம்பி மலையில் வளர்ந்தவர். பதறாமல் கியரைக் குறைத்து, கைப்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, வண்டியை மேட்டுப் பக்கமாக ஒதுக்கி நிறுத்திவிட்டார். வண்டியில் இருந்தவர்களுக்கு, பிரேக் சூடாகிவிட்டது, ஆறட்டும் என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

மறுநாள் சக்கரத்தைக் கழற்றினேன். உள்பக்கப் பேடில் லைனிங் குறுக்கே வெடித்திருந்தது. ஒரு மூலையில் தட்டை விட்டுத் தூக்கிக்கொண்டு நின்றது, மெல்லிய ஸ்க்ரூடிரைவர் நுனி உள்ளே போனது. மேல்பக்கம் கண்ணாடி மாதிரி பளபளவென்று வெந்துபோயிருந்தது. டிஸ்க்கில் நீலம் பாய்ந்திருந்தது. கம்பெனிப் பேடு ஒன்றை எடுத்துத் தராசில் வைத்துப் பார்த்தோம், புதிதாக இருந்தபோதே இது எடை குறைந்திருக்கும் என்று தோன்றுமளவுக்குத் தட்டே மெலிசு.

அவர் படங்களோடு அந்தத் தளத்துக்குப் புகார் அனுப்பினார். திருப்பி அனுப்புகிற கெடு முடிந்துவிட்டது என்று பதில். மறுபடி மறுபடி எழுதிய பிறகு பணம் வந்துவிட்டது. “உங்கள் சிக்கல் தீர்ந்தது, சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?” என்று ஒரு செய்தியும் வந்தது. அந்தப் பேடு அதற்குப் பிறகும் அதே பக்கத்தில் விற்பனைக்கு இருந்தது. கொஞ்ச நாளில் விற்பவர் பெயர் மறைந்தது, அதே படத்தோடு வேறொரு பெயர் வந்தது.

எனக்குத் தூக்கம் கெடுவது இங்கேதான். பணம் திரும்பி வந்தது, சரி. அதே விற்பனையாளரிடம் அதே பேடை வாங்கி மாட்டியிருக்கிற மற்றவர்கள்? அவர்கள் கோத்தகிரியிலிருந்து குஞ்சப்பனை வழியாக இறங்கிக்கொண்டிருக்கலாம், கூடலூரிலிருந்து நடுவட்டம் ஏறிக்கொண்டிருக்கலாம், ஏற்காட்டிலோ வால்பாறையிலோ இருக்கலாம். அவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது. அந்தத் தம்பிக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரியும். பெயர், விலாசம், செல்போன் எண், எந்தத் தேதியில் பெட்டி போய்ச் சேர்ந்தது என்பது வரை உங்களிடம் இருக்கிறது. பண்டிகைத் தள்ளுபடி என்றால் ஒரே நாளில் அத்தனை பேருக்கும் செய்தி அனுப்புகிறீர்கள். “நீங்கள் வாங்கிய பேடு போலியாக இருக்கலாம், வண்டியை மெக்கானிக்கிடம் காட்டுங்கள்” என்று ஒரு செய்தி அனுப்ப உங்களைத் தடுப்பது எது?

பொருள் பக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். உங்கள் தளத்தில் ஒரு பேடுக்கு ஒரு பக்கம். அதே பக்கத்தில் பல விற்பனையாளர்கள். இன்று முதலில் நிற்பவர் ஒருவர், நாளை வேறொருவர். கீழே இருக்கிற நட்சத்திரங்களும் பாராட்டுகளும் எல்லாருக்கும் பொது. நல்ல சரக்கு விற்ற ஒருவருக்கு ஜனங்கள் மனதார எழுதியதை, நேற்று வந்த ஒருவர் தன் சரக்குக்குச் சான்றாகக் காட்டிக்கொள்கிறார். வாங்குகிறவர் அதைப் படித்துத்தான் நம்புகிறார். விற்பனையாளர் பெயரைச் சின்ன எழுத்தில் கீழே போட்டிருக்கிறீர்கள். பேடு, சஸ்பென்ஷனிலும் ஸ்டீயரிங்கிலும் வருகிற பால் ஜாயிண்ட், டை ராடு எண்ட் போன்றவற்றுக்காவது அந்தப் பெயர் விலைக்குப் பக்கத்தில் விலை அளவு பெரிதாக இருக்க வேண்டும். விமர்சனங்களும் விற்பனையாளர் வாரியாகப் பிரிந்து நிற்க வேண்டும்.

நாங்கள் இடம் கொடுத்தவர்கள்தான், விற்றவர் வேறு என்று நீங்கள் சொல்வீர்கள். மற்றவர் ஏற்றுகிறதற்கு இடம் கொடுத்தவர் பொறுப்பாக மாட்டார் என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆவது பிரிவு சில நிபந்தனைகளோடு உங்களுக்குக் கொடுத்திருக்கிற பாதுகாப்பு பற்றி எனக்கும் தெரியும். ஆனால் 2020 ஜூலையில் வந்த மின்னணு வணிக விதிகளும் இருக்கின்றன. விற்பவரின் பெயர், விலாசம், தொடர்பு எண்ணைக் காட்ட வேண்டும். வாங்கியவர் எழுத்தில் கேட்டால் விற்றவரைப் பற்றிய முழு விவரம் கொடுக்க வேண்டும். புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். வர்த்தகச் சின்னச் சட்டப்படி நீக்கப்பட்ட பொருளைத் திரும்பத் திரும்பக் கொண்டுவருகிற விற்பனையாளர்களைப் பற்றிய பதிவு வைத்திருக்க வேண்டும். இந்த மடலைப் படிக்கிற வண்டிக்காரர்களுக்கும் சொல்கிறேன்: விற்றவர் விவரத்தை எழுத்தில் கேளுங்கள், அது உங்கள் உரிமை. பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது, உதகையில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது.

விதிகள் கேட்பது விற்பவர் யார் என்பதை. நான் கேட்பது அதற்கு ஒரு படி மேலே: அவர் யாரிடம் வாங்கினார்? பிரேக், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன், ஏர்பேக் சம்பந்தப்பட்ட பாகத்தை ஒரு கம்பெனிப் பெயர் போட்டு விற்க வருகிறவரிடம், அந்தக் கம்பெனியின் விநியோகஸ்தர் கொடுத்த பில்லையோ அனுமதிக் கடிதத்தையோ வாங்கிப் பார்த்த பிறகு பக்கத்தில் ஏற்றுங்கள். பில் உண்மையா என்று அந்தக் கம்பெனியிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். கம்பெனிகள் சந்தோஷமாகப் பதில் சொல்வார்கள், போலியால் கெடுவது அவர்கள் பெயரும்தான். அனுப்புகிறபோது பெட்டியில் இருக்கிற, எந்தத் தொகுதியில் தயாரானது என்று காட்டுகிற பேட்ச் எண்ணைப் பதிந்து, வாங்குகிறவருக்கு அனுப்புகிற பில்லிலேயே அச்சடியுங்கள். அப்படி ஒரு எண் இருந்தால் நான் டீலருக்கோ கம்பெனிக்கோ போன் போட்டுக் கேட்க ஒரு பிடி கிடைக்கும்.

ஏர்பேக்கைத் தனியாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. 2024 ஜூலையில் அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை, ஏர்பேக்கை ஊத வைக்கிற மலிவான மாற்று இன்ஃப்ளேட்டர்கள் வெடித்து உலோகத் துண்டுகள் பாய்ந்து உயிர்கள் போயிருக்கின்றன என்று பொதுமக்களை எச்சரித்தது. விபத்தில் அடிபட்ட வண்டியைக் குறைந்த செலவில் சரி செய்யத் தேடுகிறவர்கள் நம் ஊரிலும் நிறைய இருக்கிறார்கள். அது விபத்து நடக்கிற நொடி வரை நல்லதா கெட்டதா என்று எவருக்கும் தெரியாத பாகம். அதன் பில்லைப் பார்க்காமல் அதை விற்க இடம் கொடுக்கவே கூடாது.

திருப்பி அனுப்புகிற கெடுவை மாற்றச் சொல்லியும் கேட்கிறேன். சட்டை அளவு சேரவில்லை என்றால் ஏழு நாள், பத்து நாள் கெடு போதும். போலிப் பேடு தன்னைக் காட்டிக்கொள்ள ஒரு நல்ல இறக்கம் வேண்டும், அது மாட்டிய ஒரு மாதம் கழித்துக்கூட வரலாம். போலி என்ற புகாருக்குக் கெடுவே வைக்காதீர்கள். மாட்டிக் கழற்றிய பாகம் என்று தட்டிக்கழிக்கவும் வேண்டாம், மாட்டாமல் அதைக் கண்டுபிடிக்க முடியாது. அந்தப் பாகத்தைத் திரும்ப வாங்கி, பெயர் போட்டிருக்கிற கம்பெனிக்கே அனுப்பிச் சோதிக்கச் சொல்லுங்கள்.

எங்கள் பக்கத்தில் செய்ய வேண்டியதும் இருக்கிறது, சக பட்டறைக்காரர்களுக்கு இதைச் சொல்லிக்கொள்கிறேன். காலி கம்பெனிப் பெட்டிக்கு விலை கொடுக்க ஆள் வருகிறார்கள். எதற்கு என்று நமக்குத் தெரியும். ஹாலோகிராமைக் கிழித்து, பெட்டியை நாலாக வெட்டிவிட்டுப் பழைய பேப்பருக்குப் போடுங்கள். கழற்றிய பேடையும் வண்டிக்காரரிடம் கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் லைனிங்கை உடைத்துவிட்டு இரும்புக்குப் போடுங்கள். பழைய தட்டில் புது லைனிங் ஒட்டிப் பெயின்ட் அடித்து வருகிற சரக்கும் இருக்கிறது.

இவை எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய முடியாது என்று நீங்கள் சொன்னால் ஏற்றுக்கொள்கிறேன். சீட் கவர், மிதியடி, வைப்பர் எல்லாம் அப்புறம் இருக்கட்டும். பிரேக்கிலிருந்து தொடங்குங்கள். அதிலும் முதலில், போலி என்று உறுதியான பேடை வாங்கிய அத்தனை பேருக்கும் செய்தி அனுப்புகிற வேலையைத் தொடங்குங்கள். அதற்குப் புதுச் சட்டமும் வேண்டாம், புது இயந்திரமும் வேண்டாம். ஏப்ரலில் எங்களுக்குச் சீசன் ஆரம்பித்துவிடும். நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்று பொதுவில் பதில் எழுதினால், அதை அச்செடுத்துக் குன்னூர், ஊட்டி, கோத்தகிரி, கூடலூர் டாக்ஸி ஸ்டாண்டுகளில் நானே ஒட்டி வைக்கிறேன்.

இப்படிக்கு,
குன்னூரில் கார் பட்டறை நடத்தும் ஒரு மெக்கானிக்